ஒரு பெயருக்குள் பத்து இனங்கள்

கோஸ்டாரிக்கா தேசத்தின் வடமேற்கில், குவானகாஸ்தே என்னும் பாதுகாக்கப்பட்ட வனப்பிரதேசத்தில், கரும்பழுப்புச் சிறகுகள் உடலோடு சேரும் இடத்திலும் உடலின் மேலும் நீல ஒளி பளீரிடப் பாய்ந்து செல்லும் வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. மின்னலைக் குறிக்கும் ‘அஸ்ட்ராப்டெஸ் ஃபல்ஜரேட்டர்’ என்னும் பெயரால் வழங்கிவந்த அதனை, 1775-ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட காலந்தொட்டு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, அமெரிக்கக் கண்டங்களின் உஷ்ணப் பிரதேசங்களில் பரந்து வாழும் சாதாரணமான ஓர் இனமென்றே சாஸ்திரக்ஞர்கள் கருதிவந்தார்கள்.

அப்படிக் கருதியதில் அவர்கள்மீது குற்றமில்லை. சிறகின் வர்ணத்தையும் கோடுகளையும் பார்ப்பது, அதிலும் ஐயம் தீராவிட்டால் இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பை நுண்நோக்கியில் ஆராய்வது என்பதே வகைப்பாட்டின் பழைய மார்க்கம். இந்தப் பூச்சியிடம் அவ்விரண்டும் பேதம் எதையும் தெளிவாகக் காட்டவில்லை. பேதத்தைக் காட்டியவை புழுக்கள். உயிரியலாளர்களான டேனியல் ஜான்சன், வின்னி ஹால்வாக்ஸ் தம்பதியரும், அவர்களிடம் பயிற்சி பெற்ற உள்ளூர்வாசிகளும், 1978 முதல் காட்டில் புழுக்களைச் சேகரித்து, எந்த இலையில் கண்டார்களோ அதே இலையை ஊட்டி வளர்த்து, ஒவ்வொன்றையும் குறித்துவைத்தார்கள். நம் ஆவாரையின் குலத்தைச் சேர்ந்த சென்னாச் செடியைத் தின்னும் புழுவின் கோலம் ஒன்று, டிரிகோனியாக் கொடியைத் தின்பதன் கோலம் வேறு. ஆனால் கூட்டை விட்டு வெளிவந்த பூச்சிகளோ ஒன்றைப்போல் ஒன்று!

இந்தப் புதிருக்கு விடை காண, கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்துப் பால் ஹெபர்ட் 2003-இல் முன்மொழிந்திருந்த முறை கைகொடுத்தது. கடைச் சரக்கின் பட்டைக்குறியீட்டைப் போல, உயிரணுவின் சக்திநிலையமான மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு மரபணுவிலிருந்து ஏறக்குறைய 650 வேதியியல் ‘எழுத்துகளை’ மட்டும் படித்து இனத்தை அடையாளங்காண்பதே அம்முறை. அதற்கு, காட்சிச்சாலையில் ஊசி குத்தி வைத்திருக்கும் பூச்சியின் உலர்ந்த கால் ஒன்றே போதும். நூற்றுக்கணக்கான பூச்சிகளின் எழுத்துகளை வாசித்து ஒப்பிட்டபோது, அவை தாறுமாறாகச் சிதறாமல், புழுப்பருவத்து உணவையும் கோலத்தையும் பெரும்பாலும் ஒட்டியே தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்தன. அந்த வட்டாரத்தில் மட்டுமே குறைந்தது பத்து இனங்கள் உண்டென்று ஹெபர்ட், ஜான்சன் முதலியோர் 2004-இல் அறிவித்தார்கள்.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அதே தரவுகளை மறுபடி ஆராய்ந்த ஆண்ட்ரூ பிரவர், மூன்றுக்குக் குறையாமலும் ஏழுக்கு மிகாமலுமே கூட்டங்களுக்கு ஆதாரம் இருப்பதாக 2006-இல் வாதித்தார். இவ்வகை எச்சரிக்கை அவசியமானதே. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மாத்திரம் சந்ததிக்கு வருவது; இரண்டு இனங்கள் எக்காலத்திலோ கலந்திருந்தால், அந்த ஒரு துண்டின் சாட்சியம் நம்மைத் திசைதிருப்பிவிடக்கூடும். ஆகையால், உட்கருவின் மரபணுக்களையும், இயலுமானால் மரபுத்தொகுதி முழுவதையும் படிப்பதே இப்போது வழக்கமாகிவருகிறது. என் அபிப்பிராயத்தில், இந்த வரலாற்றின் உயிர்நாடி மரபணுவைப் படிக்கும் இயந்திரமன்று. கால் நூற்றாண்டுக் காலம் இலையும் புழுவுமாக எழுதிவைத்த குறிப்பேடுகள் இராவிட்டால், அந்த எழுத்துகள் எதைச் சொல்கின்றன என்பதே விளங்கியிராது.

வெறும் பெயர்ச்சண்டைதானே என்று இதை ஒதுக்கிவிடலாகாது. எங்கும் பரவிய ஓர் இனம் என்று நாம் நிம்மதியாக இருக்கையில், அப்பெயருக்குள் மறைந்து, ஒரே கொடியை நம்பி வாழும் இனமொன்று, அந்தக் கொடி வெட்டுண்டதும் எவரும் அறியாமலே அழிந்துபோகக்கூடும்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் தோட்டத்தில் இலையைத் தின்னும் புழுவைக் கண்டால், அதை நசுக்குமுன், அது எந்தச் செடியின் இலை என்று ஒரு கணம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.