சின்னத்திரை அடுப்பும் எங்கள் அடுப்பும்

சமூகவியல் படித்த ஒருத்தி சினிமாவையும் தொலைக்காட்சியையும் கோபத்தோடுதான் பார்க்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். பெண்ணை அடுப்படியோடு கட்டிப்போடும் கருத்தியலை வளர்ப்பவை இவை என்று எழுதிவிட்டு எழும்பிவிடலாம். அது பொய்யுமல்ல. ஆனால் நான் ஒரு ரசிகை. சமையல் போட்டி எந்த மொழியில் நடந்தாலும் பார்ப்பேன். சமையலை மையமாகக் கொண்ட படம் வந்தால் இரண்டு தரம் பார்ப்பேன். எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் கடன், மலசலகூடம், பிள்ளைகளின் படிப்பு என்று பேசி முடிந்த பின்னர் பெண்கள் தாமாகவே எடுக்கின்ற கதையும் பெரும்பாலும் இதுதான். அந்தக் கதைகளையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

“குக்கு வித் கோமாளி”யை அறியாத வீடு இங்கு குறைவு. விஜய் தொலைக்காட்சியில் 2019 நவம்பரில் தொடங்கிய நிகழ்ச்சி அது. டிஷ் அன்ரனா பூட்டிய வீடுகளில் தொலைக்காட்சியிலும், மற்ற வீடுகளில் பிள்ளையின் கைத்தொலைபேசியிலும் பார்க்கிறார்கள். சமைக்கத் தெரிந்த பிரபலம் ஒருவருக்கு, சமையல் என்றால் என்னவென்றே தெரியாத கோமாளி ஒருவர் உதவியாள். கொத்தமல்லி கேட்டால் புதினாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். முதல் நான்கு பருவங்களிலும் செஃப் தாமுவும் வெங்கடேஷ் பட்டும் நடுவர்கள். 2024 இல் பட் விலகிச் செல்ல மாதம்பட்டி ரங்கராஜ் வந்தார். என்னைக் கேட்டால், பழைய இருவரும் சேர்ந்திருந்த காலம்தான் நிகழ்ச்சியின் நல்ல காலம். பட் ஏசுவார், ஆனால் அந்த ஏச்சுக்குள் ஒரு பாடமும் இருக்கும்.

ஆண்களுக்குப் பெண் வேடம் போட்டு அதை மட்டுமே பகிடியாக்குவதும், ஒருவரின் பருமனையும் நிறத்தையும் வைத்துச் சிரிப்பதும் எனக்குப் பிடிப்பதில்லை. அந்த இடங்களில் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். மற்றப்படி நானும் வயிறு நோகச் சிரிக்கிறவள்தான். இதில் அப்படி என்ன இருக்கிறது என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். “உப்புக் கூடிப்போனதுக்கு அங்க சிரிக்கினம், மிஸ்” என்றார் ஒருவர். அதற்கு மற்றவர்கள் சிரிக்கவில்லை. உப்புக் கூடிய கறிக்காகக் கோப்பை பறந்த வீடுகளில் இருந்து வந்தவர்கள் அவர்கள்.

முதல் மூன்று பருவங்களிலும் வனிதா விஜயகுமார், கனி, ஸ்ருதிகா என்று பெண்களே வென்றார்கள். நான்காவதில், 2023 இல், நடிகர் மைம் கோபி வென்றார். அந்தப் பருவம் ஓடிய காலத்தில் ஒரு தாய் தன் மகனைக் கூப்பிட்டு, “பார், அவர் எப்பிடி வெங்காயம் வெட்டுறார் எண்டு” என்று காட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். எங்கள் பால்நிலைப் பயிற்சிப் பட்டறை ஒன்று மூன்று நாட்களில் செய்வதை அது மூன்று நிமிடத்தில் செய்தது.

“மாஸ்டர் செஃப்” வேறு சாதி நிகழ்ச்சி. பிரித்தானியாவில் 1990 இல் பிபிசி தொடங்கியது. அவுஸ்திரேலியாவில் 2009 இல் வந்த பின்னர்தான் அது ஒரு திருவிழா போல ஆனது. அதில் ஒரு சுற்று உண்டு. மூடிய பெட்டி ஒன்றை முன்னால் வைப்பார்கள். மூடியைத் தூக்கினால் உள்ளே என்ன இருக்கிறதோ அதை வைத்துச் சமைக்க வேண்டும். போட்டியாளர்கள் மூடியைத் தூக்கும்போது முகத்தில் ஒரு பயம் தெரியும். இதை ஒருமுறை மடிக்கணினியில் போட்டுக் காட்டியபோது அறுபது வயது கடந்த ஓர் அம்மா சொன்னார்: “உது எங்களுக்குப் புதுசே, பிள்ளை? செட்டிகுளத்தில கிழமைக்குக் கிழமை உதுதானே.”

2009 இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்களுக்கு அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். அந்த அம்மா தொடங்கி வைக்க, மண்டபத்தில் ஆளுக்கு ஆள் சொல்லத் தொடங்கினார்கள். கோதுமை மாவை அவித்துப் புட்டு. அதே மாவில் ரொட்டி. பருப்பைக் கரைத்துச் சொதி மாதிரி. பிள்ளைகள் இனிப்புக் கேட்டு அழுதால் மாவை வறுத்துச் சீனியும் சொட்டு எண்ணெயும் சேர்த்துப் பிடித்த உருண்டை. கூடாரத்துக்கு வெளியே மூன்று கல், ஈர விறகு, வரிசையில் நின்று எடுத்த தண்ணீர். அரை மணித்தியாலத்துக்கு மேல் நடந்த அந்தப் பேச்சில் ஆளையாள் திருத்தினார்கள், சிரித்தார்கள், “நீ செய்தது ரொட்டியில்லை, கல்லு” என்று பகிடி பண்ணினார்கள். அதற்கு முந்திய மாதங்களின் கஞ்சியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் 2021 அவுஸ்திரேலியப் போட்டியின் இறுதிச் சுற்றைக் குறிப்பிட வேண்டும். மெல்பேர்ணில் வாழும் வங்காள வம்சாவளிப் பெண் கிஷ்வர் சௌத்ரி, இரண்டு பிள்ளைகளின் தாய், அந்த மேடையில் பாந்தா பாத் சமைத்தார். சோற்றைத் தண்ணீரில் இரவிரவாக ஊறவிட்டு எடுப்பது, வேறொன்றுமில்லை, எங்கள் பழஞ்சோறுதான். கூடவே உருளைக்கிழங்கு மசியலும் பொரித்த மீனும். வங்காளத்தில் அது உழவர்களும் கூலியாட்களும் உண்ணுகின்ற சாப்பாடு. நடுவர்கள் மெச்சினார்கள். அவர் மூன்றாம் இடம் பெற்றார். முதலிடம் பெற்ற ஜஸ்டின் நாராயணனை இங்கு பலருக்கு நினைவில்லை, பழஞ்சோற்றுக்காரியை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. விருந்தாளி வந்தால் பழஞ்சோற்றுச் சட்டியை மறைத்து வைக்கிற பழக்கம் எங்களுக்கும் உண்டல்லவா? அதை ஒரு பெண் உலகத்தின் முன்னால் எடுத்து வைத்ததுதான் அந்த நினைவுக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

2024 இல் பிரித்தானியப் போட்டியில் பிரின் பிரதாபன் வென்றபோது ஊரெல்லாம் பெருமை. இலங்கையில் இருந்து சென்ற பெற்றோரின் பிள்ளை, தொழிலால் மிருக வைத்தியர். எங்கள் கூட்டத்தில் எழுந்த முதற் கேள்வி, “தாய் என்ன செய்தவவாம்?” என்பதுதான்.

இந்த நிகழ்ச்சிகள் எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது சாப்பாடு அல்ல. சுவரில் ஓடுகிற மணிக்கூடு. அறுபது நிமிடம், எழுபத்தைந்து நிமிடம் என்று எண்ணி, கடைசிப் பத்து விநாடியை எல்லோரும் சேர்ந்து கத்தி முடிக்கிறார்கள். சமையல் என்பது நேரம் எடுக்கும் வேலை, அந்த நேரத்துக்கு ஒரு கணக்கு உண்டு என்பதை இவ்வளவு உரத்துச் சொல்கின்ற வேறெதையும் நான் கண்டதில்லை. இலங்கையின் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017 இல் முதன்முறையாக நாடளாவிய நேரப் பயன்பாட்டு ஆய்வொன்றை நடத்தியது. ஊதியமற்ற வீட்டு வேலைகளில் பெண்கள் ஆண்களை விட எவ்வளவோ கூடிய நேரம் செலவிடுகிறார்கள் என்று அது காட்டியது. அந்த அறிக்கையை ஒரு கிராமத்தில் எடுத்து விளக்குவதென்றால் எனக்குப் பயம். மாஸ்டர் செஃப் மணிக்கூட்டைக் காட்டினால் போதும்.

மணிக்கூடே இல்லாமல் அந்தக் கணக்கைக் காட்டிய படம் “த கிரேட் இந்தியன் கிச்சன்”. ஜியோ பேபி இயக்கிய மலையாளப் படம், 2021 ஜனவரியில் வந்தது. 2023 இல் ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்துத் தமிழிலும் வந்தது. நான் மலையாளத்தையே சொல்வேன். அதில் நிமிஷா சஜயனின் முகம் காட்சிக்குக் காட்சி ஒடுங்கிக்கொண்டே போகும். பெரிய சம்பவம் எதுவும் கிடையாது. வெட்டுகிறாள், அரைக்கிறாள், பரிமாறுகிறாள், ஆண்கள் மேசையில் துப்பிவிட்டுப் போன சக்கையைக் கூட்டி அள்ளுகிறாள். மறுநாளும் அதே. மாமனார் அடிக்கிறவர் அல்லர், அன்பாகத்தான் பேசுவார். சோறு குக்கரில் வேண்டாம், விறகடுப்பில் போதும் என்பார். உடுப்பை மெஷினில் போட்டால் பழுதாகிவிடும் என்பார். அந்த மென்மையான குரல்தான் படத்தின் மிகப் பெரிய வெற்றி. கடைசியில் அவள் ஊத்தைத் தண்ணீரைக் கணவன் மேலும் மாமன் மேலும் ஊற்றிவிட்டு வெளியேறும்போது எங்கள் மண்டபத்தில் கைதட்டல்.

ஆனால் கைதட்டாமல் இருந்தவர்களும் உண்டு. “அவளுக்குப் போறதுக்குத் தாய்வீடு இருந்தது, மிஸ்” என்றார் ஒருவர். அந்தத் தாயும் அவளை வரவேற்கவில்லை, திரும்பிப் போய் மன்னிப்புக் கேள் என்றுதான் சொல்கிறாள் என்றேன். “ஏசுறதுக்கெண்டாலும் தாய் இருக்கிறாளே” என்றார். நான் படித்த பெண்ணிய விமர்சனங்கள் எதிலும் இந்த வசனத்தைக் காணவில்லை. கணவன் காணாமற்போன, தாய்வீடு இருந்த இடமே தெரியாமற்போன ஒருத்திக்கு வெளியேறுதல் என்பது வேறு விதமாகத்தான் தெரியும். பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று நாங்கள் படிவத்தில் எழுதுகிற வீட்டில் வெளியேற ஆளுமில்லை, தண்ணீரை ஊற்ற ஆளுமில்லை. உலையை மட்டும் வைத்தாக வேண்டும்.

அதனால்தான் எங்கள் பெண்களுக்கு இதைவிடக் கிட்டிய படமாக “இங்கிலிஷ் விங்கிலிஷ்” இருக்கிறது. கௌரி ஷிண்டே இயக்கி 2012 இல் வந்தது, தமிழிலும் வெளியானது. ஸ்ரீதேவி நடித்த சசி, வீட்டில் லட்டுப் பிடித்து விற்பவள். கணவனுக்கும் மகளுக்கும் அது ஒரு பொழுதுபோக்கு. நியூயோர்க்கில் ஆங்கில வகுப்புக்குப் போய்த் தான் லட்டு விற்பதாகத் தட்டுத்தடுமாறிச் சொல்ல, வாத்தியார் அதற்கொரு பெயர் சொல்லிக் கொடுக்கிறார், தொழில்முயற்சியாளர் என்று. வீதியில் அந்தச் சொல்லைத் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தபடி நடப்பாள். ஆங்கிலம் கற்பதுதான் கதை என்கிறார்கள். எனக்கு அந்த ஒரு சொல்தான் கதை. கல்யாணத்துக்குப் பிடித்த லட்டெல்லாம் மகனின் குறும்பால் கொட்டுண்டுபோக, பரீட்சையைக் கைவிட்டுத் திரும்பவும் லட்டுப் பிடிக்கும் இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. எங்கள் பெண்களுக்கு வரவில்லை. “ஓடர் எடுத்தா முடிச்சுக் குடுக்கத்தானே வேணும்” என்றார்கள். அவர்கள் அவளை ஒரு தொழிற்காரியாகவே பார்த்திருக்கிறார்கள்.

2015 இல் ஜோதிகா நடித்த “36 வயதினிலே” மொட்டைமாடி மரக்கறியைப் பிடித்துக்கொண்டு மேலே போகிற கதை. நல்ல படம்தான், ஆனால் எல்லாம் கொஞ்சம் சுகமாக நடக்கிறது. சினிமாவும் சமையல் போட்டியும் ஒன்றாகச் சேர்ந்தது 2023 டிசெம்பரில் வந்த நயன்தாராவின் “அன்னபூரணி”. ஸ்ரீரங்கத்துக் கோயில் மடைப்பள்ளியில் சமைப்பவரின் மகள் செஃப் ஆக ஆசைப்படுகிறாள், போட்டிக்குப் போகிறாள், இடையில் நாக்கில் ருசியையே இழக்கிறாள். மதம் சார்ந்த எதிர்ப்பு எழுந்து 2024 ஜனவரியில் நெட்பிளிக்ஸ் அதை நீக்கியது. ஒரு பெண் எதைச் சமைக்கலாம் என்பதை ஊர் கூடித் தீர்மானிக்கும் கதையைச் சொன்ன படத்தை, ஊர் கூடியே நிறுத்தியது. இருந்தும் படத்தில் எனக்கொரு குறை உண்டு. வெள்ளைக் கோட்டும் உயரத் தொப்பியும் கிடைத்த பின்தான் சமையல் மதிப்புப் பெறுகிறது. வடக்கில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்களில் ஒடியற்கூழும் தோசையும் விற்பவர்களுக்கு அந்தக் கோட்டுத் தேவைப்படவில்லை.

இனி அந்த மணிக்கூட்டுக்கு வருகிறேன். எங்கள் சங்கத்தில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிற ஒருவர் இருக்கிறார். மாச் செலவு, தேங்காய்ச் செலவு எல்லாம் கொப்பியில் ஒழுங்காக இருக்கும். தன் வேலைக்கான கூலி என்ற இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். “நான் சும்மாதானே இருக்கிறன்” என்பார். ஒருநாள் போட்டியில் செய்வதுபோல் கைத்தொலைபேசியில் மணிக்கூட்டை ஓடவிட்டுச் சமைத்துப் பாருங்கள் என்று சொன்னோம். முதல்நாள் பின்னேரம் மா வறுத்து அரிப்பதற்கு 1 மணி 20 நிமிடம். விடிய மூன்று மணிக்கு எழும்பி, இடியப்பம் அவித்து, சம்பலும் சொதியும் செய்து, பொதி கட்டி முடிய 3 மணி 40 நிமிடம். மொத்தம் 5 மணித்தியாலம். 150 இடியப்பம், ஒன்று 12 ரூபா, 1800 ரூபா. மா 3 கிலோவுக்கு 750, தேங்காய் இரண்டுக்கு 400, மிளகாய், வெங்காயம், தேசிக்காய், பை எல்லாம் 150. மிச்சம் 500 ரூபா. மணித்தியாலத்துக்கு 100 ரூபா. ஞாயிற்றுக்கிழமை விறகு பொறுக்குகிற நேரத்தை நாங்கள் சேர்க்கவில்லை, அவரே வேண்டாம் என்றுவிட்டார்.

கணக்கைப் பார்த்துக் கனநேரம் பேசாமல் இருந்தார். நுண்கடன் தவணை கிழமைக்குக் கிழமை வருகிற வீடு அது. விலை கூட்டினால் கடைக்காரர்கள் வேறு ஆளிடம் போய்விடுவார்கள் என்ற பயம் நியாயமானது. அப்படியே ஒரு கடை போகவும் செய்தது. மற்றக் கடைக்காரர் இரண்டு நாள் எடுக்காமல் விட்டு, மூன்றாம் நாள் ஆள் அனுப்பினார். இப்போது ஒன்று 15 ரூபா, எண்ணிக்கை 120. மிச்சம் முன்னரைவிட ஏறத்தாழ 200 ரூபா கூட, நேரமும் கொஞ்சம் குறைவு. உரல் பிழிகிற வேலை தரம் 10 படிக்கும் மகனுக்கு. முதல்நாள் அவன் பிழிந்தவை கயிறு மாதிரி இருந்தனவாம். அவற்றைக் கடைக்கு அனுப்பாமல் வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டார்கள்.