பைபர் படகில் போல்ட்டுத் துளைகளை எபாக்சியால் காப்பீர்

கடலோர மாவட்டங்களில் சிறிது நிலமும் படகில் ஒரு பங்கும் வைத்துக்கொண்டு வாழும் குடும்பங்கள் பல உள்ளன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர், பல ஊர்களில் கட்டுமரத்தின் இடத்தைப் பைபர் படகு பிடித்துக்கொண்டது. பைபர் மக்காது, ஆகவே பராமரிப்பும் தேவையில்லை என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. இது பாதி உண்மையே. கண்ணாடி இழையும் பிசினும் மக்குவதில்லை. ஆனால் எஞ்சின் பூட்டும் அமரப் பலகையினுள்ளும், பல படகுகளில் தளத்தினுள்ளும் பிளைவுட் வைத்து, அதன் இருபுறமும் பைபர் போர்த்தியிருப்பார்கள். அந்தப் பிளைவுட் மக்கக் கூடியது.

நீர் புகும் வழி

எஞ்சின் தாங்கி, கயிறு கட்டும் கட்டை, வளையம் ஆகியவற்றுக்காகப் போடும் ஒவ்வொரு துளையும் நீருக்குத் திறந்த வாசலாகும். எஞ்சினின் அதிர்வால் போல்ட்டு சிறுகச் சிறுக அசைகிறது. விளிம்பில் தடவிய பூச்சு விட்டுப்போகிறது. நீர் உள்ளே கசிகிறது. கடல் நீரைவிட மழை நீரே அதிகக் கேடு செய்யும். உப்பு பூஞ்சாணத்தை ஓரளவு தடுக்கும். மழை நீரில் அத்தடை இல்லை. எனவே பருவமழையில் கரையேற்றி வைத்த படகிலும் அழுகல் வளரும்.

போல்ட்டு தளர்ந்தால் நட்டை மேலும் இறுக்குவது பலரது வழக்கம். இதனால் பயனில்லை. உள்ளே நைந்த பலகை நசுங்கி, சில நாட்களில் போல்ட்டு மீண்டும் ஆடும். நடுக்கடலில் தாங்கி பெயர்ந்தால் எஞ்சினுக்கு மட்டுமன்றி, ஆளுக்கும் ஆபத்து.

கண்டறிவது எப்படி?

துளையைச் சுற்றி ஒரு நாணயத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஓசை நல்ல பலகையைக் காட்டும்; மந்தமான ஓசை ஐயத்துக்குரியது. போல்ட்டைக் கழற்றித் துளையைச் சுரண்டினால் வரும் தூள் வெளிறி உலர்ந்திருந்தால் நன்று. கறுத்து ஈரமாக வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது எனலாம். அழுகல் பரவியிருப்பின் துளையை மட்டும் அடைத்துப் பயனில்லை. மேல் பைபரை வெட்டி, பலகையையே மாற்ற வேண்டும்.

எந்த எபாக்சி?

பைபர் படகுகள் பெரும்பாலும் பாலியெஸ்டர் பிசினால் ஆனவை. எபாக்சி வேறு இனம். மரத்துடனும் பழைய பைபருடனும் அதைவிட உறுதியாகப் பிடிக்கும். அரால்டைட் என்ற பெயரில் பலரும் அறிந்த பசை எபாக்சி வகையைச் சேர்ந்ததே. எனினும் ஐந்து நிமிடத்தில் இறுகும் பசை இவ்வேலைக்கு ஏற்றதன்று. மெதுவாக இறுகும், ஓடும் தன்மையுள்ள, படகு வேலைக்கான எபாக்சியே வேண்டும்.

பாலியெஸ்டரில் இறுக்கியைச் சற்றுக் கூட்டினால் விரைவில் இறுகும். அந்தப் பழக்கத்தை எபாக்சியில் காட்டக் கூடாது. டப்பாவில் குறித்த விகிதப்படி பிசினையும் இறுக்கியையும் அளந்தே கலக்க வேண்டும். இறுக்கி கூடினாலும் குறைந்தாலும் எபாக்சி வலுவிழந்துவிடும்.

செய்முறை

1. 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 16 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். தளமாயின் மேல் பைபரையும் பலகையையும் மட்டும் துளைத்து, அடிப் பைபரை விட்டுவிடலாம். பழைய துளை அடிவரை சென்றிருந்தால் கீழே நாடா ஒட்ட வேண்டும்.

2. வளைத்த ஆணியைத் துரப்பணத்தில் மாட்டிச் சுழற்றி, பைபருக்கு அடியிலுள்ள பலகையைச் சுற்றிலும் 5 மில்லிமீட்டர் அளவு குடைந்தெடுக்க வேண்டும். ஈரமிருந்தால் நன்கு காயும் வரை காத்திருக்க வேண்டும். ஈரப் பலகையில் இட்ட எபாக்சி பிடிக்காது.

3. முதலில் தூள் கலவாத எபாக்சியைத் துளையினுள் தடவ வேண்டும். பத்து நிமிடத்தில் பலகை குடித்தது போக வறண்ட இடத்தில் மீண்டும் தடவ வேண்டும்.

4. பிறகு எபாக்சியுடன் சிலிக்கா தூள் கலந்து துளையை நிரப்ப வேண்டும். தளத்துத் துளைக்குத் தேன் பதம் போதும். அமரப் பலகையின் துளைக்கு வெண்ணெய்ப் பதம் வேண்டும். இருபுறமும் நாடா ஒட்டி, மேல் விளிம்பில் சிறு திறப்பு விட்டு, சிரிஞ்சு கொண்டு காற்றுக் குமிழின்றி ஏற்ற வேண்டும்.

5. குறைந்தது ஒரு நாள் இறுகியபின் நடுவில் 10 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். இப்போது போல்ட்டைச் சுற்றி எபாக்சிச் சுவர் நிற்கும். நீர் கசிந்தாலும் பலகையை எட்டாது.

6. துளையின் வாயைச் சற்று அகலமாக்கி, பாலியூரித்தேன் அடைப்புப் பசையிட்டு, பின்புறம் அகன்ற தகடு அல்லது பெரிய வாசர் வைத்து முடுக்க வேண்டும். போல்ட்டின் தலையை அசையாது பிடித்துக்கொண்டு நட்டை மட்டுமே திருப்ப வேண்டும். போல்ட்டு சுழன்றால் பசை அறுந்துவிடும். துருவேறாத 316 ரக எஃகுப் போல்ட்டு கடலுக்கு ஏற்றது.

முழு வலுவைப் பெற எபாக்சிக்குச் சில நாட்கள் ஆகும். அதற்குமுன் எஞ்சினைப் பூட்டிக் கடலுக்குச் செல்லலாகாது.

கவனிக்க வேண்டியவை

மாலை வெயில் தணியும்போது எபாக்சி இடுவது நலம். குளிரும் மரம் எபாக்சியை உள்ளிழுக்கும். காலையில் சூடேறும் மரமோ காற்றை வெளியிட்டுக் குமிழ் உண்டாக்கும். நம் வெப்பத்தில் ஒரு குவளை நிறையக் கலந்து வைத்தால் தானே சூடேறிப் புகையும். ஆகவே சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும்.

வெறுங்கையால் எபாக்சியைத் தொடக் கூடாது. சிலருக்கு அதனால் தோல் ஒவ்வாமை ஏற்பட்டு நிலைத்துவிடும். கையுறை அவசியம். கையில் பட்டால் தின்னர் ஊற்றாமல் சோப்பு நீரால் கழுவ வேண்டும். இறுகிய எபாக்சியைத் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். வெயிலில் எபாக்சி நாளடைவில் சிதையுமாதலால், வெளியே தெரியும் இடத்தில் பெயிண்ட் பூசுவது அவசியம்.

நிலத்தில் மட்டும் பாடுபடும் விவசாயிகளுக்கும் இது பயன்படும். பம்புசெட்டின் கான்கிரீட் அடித்தளத்தில் போல்ட்டு தளர்ந்திருந்தால், துளையிலுள்ள தூசியை ஊதி நீக்கி, நன்கு உலர்ந்தபின் எபாக்சி ஊற்றிப் போல்ட்டை நிலைநிறுத்தலாம்.

ஒரு துளையைக் காக்க ஓரிரு மணி நேர வேலையும் சிறிது எபாக்சியும் போதும். அமரப் பலகையை மாற்றுவதோ பெருஞ்செலவு. அடுத்த முறை படகைக் கரையேற்றும்போது போல்ட்டு ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துவிடுவது நல்லது.