கணக்கில் தோற்ற ஒரு ஹாஸ்யத் தொடர்

2004-ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் திகதி ஸ்டார் நிறுவனம், நகரத்து இளைஞர்களை உத்தேசித்து, 'ஸ்டார் ஒன்' என்ற புதிய ஹிந்தி அலைவரிசையைத் தொடங்கியபோது, அதனோடு கூடவே பிறந்த தொடர்களுள் ஒன்று 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்'. வட இந்தியாவில் இன்று ஹாஸ்யத் தொடர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் முன்வரிசையில் வந்து நிற்கும் பெயர் அது. ஆயினும் ஒன்றரை ஆண்டுக் காலத்தில், சுமார் 70 அத்தியாயங்களோடு, 2006-இல் அதன் கதை முடிந்துவிட்டது.

ஜே. டி. மஜேதியாவும் ஆதிஷ் கபாடியாவும் தங்கள் 'ஹாட்ஸ் ஆஃப்' நிறுவனத்தின் சார்பில் தயாரித்த இத்தொடரைக் கபாடியா எழுதினார். தேவன் போஜானி இயக்கியதோடு, இயந்திரப் பித்துப் பிடித்த மருமகப்பிள்ளையாக இடையிடையே தலையையும் காட்டினார். மும்பையின் கஃப் பரேட் பகுதியில் வசிக்கும் செல்வந்தக் குஜராத்திக் குடும்பம் ஒன்றே கதைக்களம். நாகரிகமே மூச்சாகக் கொண்ட மாமியார் மாயாவாக ரத்னா பாடக் ஷாவும், மனைவியைச் சீண்டுவதையே நித்திய கருமமாகக் கொண்ட கணவர் இந்திரவதனாகச் சதீஷ் ஷாவும், கேட்போர் காதைப் பொத்திக்கொள்ளும் கவிதைகளை இயற்றும் இளைய மகன் ரோஸேஷாக ராஜேஷ் குமாரும், இவர்கள் எல்லாருக்கும் நடுவே அகப்பட்டுத் தவிக்கும் மூத்த மகனாகச் சுமீத் ராகவனும் நடித்தனர்.

இலங்கையில் எங்கள் கலவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், கொழுந்து நிறுத்துக் கொடுத்து, வீட்டில் அடுப்பு வேலையும் முடித்து, டிஷ் வழியாக வரும் சென்னைத் தொடர்களில் ஆழ்ந்துபோகும் பெண்களுக்கு மாமியார் மருமகள் சண்டையைப் பற்றி எவரும் வியாக்கியானம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் இந்த மாமியார் மருமகளுக்குப் பாலில் விஷம் கலப்பவள் அல்லள். மலிவு விற்பனையில் பொருள் வாங்குவதையும், இலவசமாகக் கிடைத்ததை எறிய மனமின்றிப் பத்திரப்படுத்துவதையும் ஒரு கலையாகவே பயின்ற மருமகளைக் கண்டு, இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டே அவள் மனத்தைக் கீறுபவள். மனிஷா என்ற அவளுடைய இயற்பெயர் நடுத்தர வர்க்கத்து வாடை வீசுகிறது என்று கருதி, அதை 'மோனிஷா' என்று மாற்றிவிட்டவள்! ரூபாலி கங்குலி நடித்த அந்த மோனிஷாவின் கட்சியில் எங்கள் லயத்துப் பெண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சேர்ந்துகொள்வர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இத்தனை சிறப்பும் வாய்ந்த தொடரை வீழ்த்தியது டி.ஆர்.பி. எனப்படும் கணக்கு. அந்நாளில் இந்தியா முழுமைக்குமாகச் சில ஆயிரம் வீடுகளை மாத்திரம் தேர்ந்து, அவற்றின் தொலைக்காட்சிப் பெட்டிகளோடு ஓர் அளவுக் கருவியைப் பொருத்தி, எந்த நேரத்தில் எந்த அலைவரிசை ஓடியது என்று பதிந்து, அதைக் கொண்டே கோடிக்கணக்கானோரின் ருசியை அனுமானித்தனர். விளம்பரதாரரின் பணமும் அந்த அனுமானத்தின் பின்னாலேயே சென்றது. பெட்டி ஓடியதை அக்கருவி அறியும். அதன் முன்னே அமர்ந்திருந்தவர் வயிறு குலுங்கச் சிரித்தாரா, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாரா என்பதை அறியாது. அதே நிறுவனத்தின் ஸ்டார் பிளஸ் அலைவரிசையிலோ, 2000-இல் ஆரம்பித்த 'கியுங்கி ஸாஸ் பீ கபீ பஹூ தீ' போன்ற கண்ணீர்த் தொடர்கள் வாரத்தில் பல நாட்கள் வீட்டுக்குள் நுழைந்து, மாலை விளக்கேற்றுவதைப் போன்ற ஒரு வழக்கமாகவே படிந்துவிட்டிருந்தன. வாரம் ஒருமுறை வந்து, ஒரு சொல்லைத் தவறவிட்டாலும் பாதிச் சிரிப்பு போய்விடும்படி நுணுக்கமாக எழுதப்பட்ட ஹாஸ்யம், அந்தப் பழக்கத்தின் பலத்தோடு எப்படிப் போட்டியிடும்?

இவ்வகை அற்பாயுள் பம்பாய்க்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவில் ஃபாக்ஸ் நிறுவனம் 2002-இல் ஒளிபரப்பிய 'ஃபயர்ஃபிளை' என்ற விண்வெளித் தொடரின் விதி இன்னும் பரிதாபமானது. ஜாஸ் வீடன் படைத்த அதன் முதல் அத்தியாயத்தை முதலில் காட்டாமல், வேறோர் அத்தியாயத்தைக் கொண்டு தொடரைத் துவக்கியதால், கதைமாந்தர் யார், எவர் என்று விளங்காமல் ஜனங்கள் விழித்தனர். எடுத்து முடித்தவை 14, காட்டியவை 11, அந்த டிசம்பரிலேயே கடை கட்டியாயிற்று. பின்னர் டிவிடி வடிவில் விற்கப்பட்டபோது திரண்ட அபிமானிகளின் ஆதரவு, 2005-இல் அதை ஒரு திரைப்படமாகவே உயிர்ப்பித்தது.

சாராபாய் குடும்பத்துக்கும் கியாதி காலம் தாழ்த்தியே வந்தது. மறு ஒளிபரப்புகளிலும், பிறகு இணையத்திலும் ஒரே அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, மாயாவின் வசைகளை மனப்பாடம் செய்த ஒரு தலைமுறை உருவாயிற்று. ஏறக்குறைய அதே நடிகர்களோடு 2017-இல் ஹாட்ஸ்டாரில் இரண்டாம் பாகம் வெளிவந்தது. பழைய ருசி அதில் முழுவதுமாகக் கூடவில்லை என்பதே என் அபிப்பிராயம். கொரோனா ஊரடங்கில் படப்பிடிப்புகள் நின்றுபோன 2020 ஏப்ரலில், பழைய அத்தியாயங்களே ஸ்டார் பாரத் அலைவரிசையில் மீண்டும் உலா வந்தன. அதே ஆண்டு ஜூலையில் ஸ்டார் பிளஸில் 'அனுபமா' என்ற குடும்பத் தொடர் ஆரம்பமாகி, டி.ஆர்.பி. பட்டியலின் உச்சியில் ஏறி அமர்ந்தது. குடும்பத்துக்காக உழைத்து உழைத்துக் கண்ணீர் உகுக்கும் அதன் நாயகியாக நடித்தவர், முன்னாளில் மோனிஷாவாக வந்து சிரிக்க வைத்த அதே ரூபாலி கங்குலி.