சாக்குக்குள் போன பிறகு

போன வாரம் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் நிறுத்தியிருந்தோம். 1978-ல் தொடங்கிய அந்தச் சங்கத்துக்கு வரும் பாம்பு சில வாரம் மண்பானையில் கிடக்கும். நாலு முறை விஷம் எடுத்ததும், வயிற்றுச் செதிலில் ஓர் அடையாள வெட்டோடு அதை மறுபடி வெளியில் விட்டுவிடுவார்கள். ராமநாதபுரம் மாவட்டச் சிக்கலில் (சிங்காரவேலர் இருக்கும் நாகப்பட்டினத்துச் சிக்கல் வேறு) வீட்டுக்குள் வந்த பாம்பைப் பிடித்தால் எங்கே கொண்டுபோய் விடுவது?

‘காட்டில்’ என்பார்கள். ஊரைச் சுற்றி இருப்பது வேலிக்கருவை. தூரத்தில் பார்த்தால் காடுதான். கிட்டே போனால் ஆடு மேய்ப்பவர், விறகு வெட்டுபவர், கரிமூட்டம் போடுபவர் என்று நாள் முழுக்க ஆள் புழங்கும் இடம். கண்மாய்க் கரை, ஊருணி மேடு, மிளகாய்க் கொல்லை என எங்கே சாக்கை அவிழ்த்தாலும் அது யாரோ ஒருவர் விடியற்காலையில் வெறுங்காலோடு நடக்கும் பாதைதான். ‘காட்டுல விட்டாச்சு’ என்று கேட்டதும் வீட்டுக்காரருக்கு மூச்சு வருகிறது. அந்தக் காட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரரை யாரும் கேட்பதில்லை.

இந்தக் காய்ந்த மண்ணுக்கு ஏற்ற பாம்பு சுருட்டை விரியன். ஒரு முழம் தேறினால் அதிகம். சீண்டினால் உடம்பை மடித்து மடித்துச் சுருண்டு, செதிலோடு செதில் உரசும். ரம்பம் இழுப்பதுபோல ஒரு சத்தம் வரும். கல்லுக்கடியும் விறகுக் குவியலும் அதற்குப் போதும். நல்ல பாம்பு எலிக்காக வரும். கட்டுவிரியன் ராத்திரியில் வரும். தரையில் பாய் விரித்துப் படுத்தவரைக் கடித்தால் பல நேரம் வலிகூடச் சரியாகத் தெரியாது, ஆள் விடிந்துதான் தடுமாறுவார். சாரைக்கு விஷமே கிடையாது. பெரிதாக, வேகமாக ஓடுவதால் முதலில் அடிபடுவது அதுதான். இருட்டியபின் பாம்பென்று சொல்லாமல் ‘பூச்சி’ என்று சொல்லும் பெரியவர்கள், பகலில் சாரையைக் கண்டால் கம்பைத் தேடுவது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

பிடிப்பதற்கு வீரம் தேவையில்லை. தப்பிக்கப் பார்க்கும் பாம்பு இருட்டான பொந்தைத் தேடும். துணிப்பையின் வாயில் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கட்டிச் சுவரோரம் வைத்து, கொக்கியால் மெல்ல ஒதுக்கினால் பெரும்பாலும் தானாகவே உள்ளே போய்விடும். வாலைப் பிடித்துத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டுவதில்தான் ஆபத்து. கேரளத்தில் பேர்பெற்ற வாவா சுரேஷ் 2022 ஜனவரியில் நல்ல பாம்பைச் சாக்கில் போடும்போது கடிபட்டு, கோட்டயம் மருத்துவக் கல்லூரியில் பிழைத்தெழுந்தார். 2025 மார்ச்சில் கோவைப் பக்கம் அனுபவமுள்ள ஒருவர் அதே நல்ல பாம்புக்கு உயிரையே கொடுத்தார். கேரள வனத்துறை, பயிற்சியும் சான்றிதழும் பெற்றவர்களை மட்டும் ‘சர்ப்பா’ செயலி வழியாக அனுப்புவது நல்ல ஏற்பாடு.

விடுவதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. பாம்புக்கும் இருப்பிடம் உண்டு: எந்த வளை, எங்கே தண்ணீர், உச்சி வெயிலுக்கு எங்கே ஒதுங்குவது என்பதெல்லாம் அதற்குப் பழக்கம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ரெய்னர்ட், ரூபர்ட் என்ற ஆய்வாளர்கள் கிலுகிலுப்பை விரியன்களுக்கு ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். 1999-ல் முடிவு வெளியானது. வேற்றிடத்தில் விட்டவற்றில் பாதிக்கு மேல் செத்தன. சொந்த இடத்தில் இருந்தவற்றில் ஒன்பதுக்கு ஒன்று. கர்நாடகத்து ஆகும்பேயில் ராஜநாகத்தை வைத்தும் பார்த்திருக்கிறார்கள். பாம்புகளின் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இடம் மாற்றிய பாம்பு நெடுந்தூரம் அலைந்தது. அலைகிற பாம்பு இன்னும் நாலு வாசலைக் கடக்கும்.

ஆகவே இருபது கிலோமீட்டர் பைக்கில் கொண்டுபோய் விடுவது புண்ணியமென்று எனக்குத் தோன்றவில்லை. பிடித்த இடத்துக்குச் சில நூறு மீட்டருக்குள், ஆள் நடமாட்டமில்லாத வரப்பிலோ புதரோரத்திலோ விடுவதே மேல். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார், தெரியும். கோழிக்கூட்டைச் சுற்றிச் சிந்தும் தீவனம், சுவரை ஒட்டி அடுக்கிய கருவை விறகு, மழைக்குப் போட்டு மூடிய பனையோலைக் குவியல் ஆகியவை இருந்த இடத்திலேயே இருந்தால், ஒன்றைக் கொண்டுபோன இடத்துக்கு இன்னொன்று வரும். விறகை வீட்டிலிருந்து தள்ளி, தரைக்கு மேலே ஒரு மேடை போட்டு அடுக்கினால் பாதிப் பேருக்குத் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடும் வேலையே இருக்காது. யாரைக் கூப்பிட்டாலும் வனத்துறைக்கும் தெரியவேண்டும். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்புகளுக்கும் உண்டு.

கடிபட்டால் கட்டுப்போடாமல், கீறாமல் 108. பாம்பைப் பிடித்துக் கொண்டுபோகவும் வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் மருந்து ஒன்றுதான். பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2024 நவம்பரில் தமிழக அரசு ஆணையிட்டதால், இனியாவது இந்தப் பக்கத்துக் கணக்கு ஓரளவு கிடைக்கும்.

அந்த நான்கில் அடங்காத ஒன்று சிக்கலுக்குத் தெற்கே, வாலிநோக்கம் கரையில் வலையோடு ஏறி வருகிறது. கடல் பாம்பின் விஷத்துக்கு நம் மருத்துவமனைகளில் இருக்கும் முறிமருந்து கேட்காது. வலை உதறும் கைகளைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)