மூன்றேகால் மலையாளிகளின் பெங்களூர் கச்சேரி

பெயரைக் கேட்டதும் முதலில் சிரிப்புதான் வரும். கிடாரும் கையுமாக மேடையேறுபவர் புரூஸ் லீ மணி. அவருடைய குழுவின் பெயர் இன்னும் விசித்திரம்: தெர்மல் அண்ட் எ குவார்ட்டர். அனல் மின் நிலையத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1996-ல் பெங்களூரில் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய குழு அது. அதில் மூன்று பேர் மலையாளிகள், மணி கால் பங்கு மலையாளி. 'த்ரீ மல்' என்பதை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், பெயர் வந்த வழி புரியும்.

கல்லூரிக் கால இசைக்குழுக்களின் ஆயுள் பொதுவாக இறுதியாண்டுத் தேர்வோடு முடிந்துவிடும். பிறகு ஒருவர் அமெரிக்கா போவார், இன்னொருவர் வங்கியில் சேருவார், டிரம் பரணுக்குப் போகும். இந்தக் குழுவிலும் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். பாஸ் கிடாரில் மட்டும் ரூட் டேவிட், பிரகாஷ், லெஸ்லி சார்லஸ் என்று கை மாறியது. ஆனால் பாட்டும் கிடாருமாக மணியும், டிரம்ஸில் ராஜீவ் ராஜகோபாலும் நகரவில்லை.

மணியை ப்ளூஸ் கிடாரிஸ்ட் என்று மட்டும் சொன்னால் சுத்த ப்ளூஸ் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். ஜாஸ், ஃபங்க், ராக் எல்லாம் கலந்த வாசிப்பு அவருடையது. குழுவினர் அதற்கு வைத்த பெயர் 'பெங்களூர் ராக்'. ஆனால் அஸ்திவாரம் ப்ளூஸ்தான்.

அந்த ப்ளூஸ் கேட்பதற்கு எளிமையானது. பெரும்பாலும் பன்னிரண்டு 'பார்', மூன்றே மூன்று கார்டு, திரும்பத் திரும்ப அதே சுற்று. சூட்சுமம் விரலில் இருக்கிறது. வீணைக்காரர் தந்தியை இழுத்துக் கமகம் கொடுப்பது போலவே ப்ளூஸ்காரரும் தந்தியை வளைக்கிறார். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கோ ஓர் இடத்தில் ஸ்வரத்தை நிறுத்துகிறார். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்கள் கண்டெடுத்த இடம் அது.

மிசிசிப்பியில் டிராக்டர் ஓட்டிய மடி வாட்டர்ஸ் 1943-ல் சிகாகோவுக்கு ரயிலேறினார். அங்கே மதுக்கடை இரைச்சலில் தன் பாட்டு காதில் விழுவதற்காகக் கிடாரை மின்சாரத்தில் இணைத்தார். அவருடைய ஒரு பாட்டின் பெயரைத்தான் லண்டன் பையன்கள் சிலர் தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். அந்த ரோலிங் ஸ்டோன்ஸ் 2003 ஏப்ரல் 4 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் கொட்டும் மழையில் வாசித்தபோது, நனைந்தபடி நின்று கேட்டது ஊர்.

ப்ளூஸ்காரனின் பிழைப்பு ரெக்கார்டில் இல்லை, சாலையில் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டில் மட்டும் பி.பி. கிங் வாசித்த கச்சேரிகள் 342. இந்தியாவில் அப்படி ஊர் ஊராகப் போக வழி ஏது? கல்லூரி விழா, பப், நட்சத்திர ஓட்டல், கம்பெனி விருந்து. எங்கே போனாலும் கூட்டத்திலிருந்து ஒரு குரல், ஏதாவது தெரிந்த பாட்டை வாசிக்கச் சொல்லும். தெரிந்த பாட்டு என்றால் வெள்ளைக்காரர் பாட்டு.

பெங்களூருக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. கன்டோன்மென்டில் பட்டாளத்தாருக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் வாசித்த நடனக் குழுக்களின் காலத்திலிருந்தே, மேற்கத்திய சங்கீதத்தை அச்சு அசலாகப் பிரதி எடுப்பதில் இந்த ஊர் கெட்டிக்கார ஊர்.

மணியும் ராஜீவும் பிடித்த பிடிவாதம் இங்கேதான். சொந்தப் பாட்டுதான் பிரதானம் என்றார்கள். 2000-ல் முதல் ஆல்பம், 2002-ல் 'ஜூபிடர் கஃபே'. 2005-ல் 'பிளான் பி'யை இணையத்தில் இலவசமாகவே விட்டார்கள். காசட் கடைகளும் கம்பெனிகளும் ஆங்கிலத்தில் பாடும் இந்தியக் குழுவைத் திரும்பிப் பார்க்காத நிலையில் அது தியாகமா, சாமர்த்தியமா? இரண்டும்தான். 2012-ல் வந்த 'த்ரீ வீல்ஸ் நைன் லைவ்ஸ்' மூன்று தட்டு கொண்ட ஆல்பம். ஆட்டோ ஓடாத பெங்களூர் ஏது, மூன்று சக்கரம் தலைப்பிலேயே ஏறிவிட்டது. டீப் பர்ப்பிள், ஜெத்ரோ டல் போன்ற ஜாம்பவான்கள் வந்தபோது அவர்களுக்கு முன்னால் வாசித்த பெருமையும் உண்டு. பெருமை வீட்டு வாடகை கட்டாது என்பது வேறு விஷயம்.

வாடகைக்கு வழி செய்தது வாத்தியார் வேலை. குழுவினர் ஆரம்பித்த 'தாக்கடமி' என்ற இசைப் பள்ளியில் பிள்ளைகள் கிடாரும் டிரம்ஸும் கற்கிறார்கள். நம் ஊர் வித்வான்கள் சபாக் கச்சேரியை நம்பாமல் வீட்டில் சிஷ்யர்களை வைத்துக்கொண்ட அதே கணக்குதான்.

சோதனை போலீஸ் ரூபத்திலும் வந்தது. 'லைவ் பேண்ட்' என்ற பெயரில் பெண்களை ஆடவிட்ட மதுக்கூடங்களைக் கட்டுப்படுத்த, 2005-ல் பெங்களூரில் ஒரு லைசென்ஸ் ஆணை பிறந்தது. பொதுக் கேளிக்கை நடத்தும் இடங்களுக்குக் காவல்துறை அனுமதி தேவை என்றது ஆணை. ஆட்டத்துக்கு விரித்த வலையில் பாட்டும் சிக்கியது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையை உறுதி செய்தது. அந்த ஆண்டே போலீஸ் கெடுபிடி தொடங்க, பல பப்களில் மேடை காலியானது. மூலையில் உட்கார்ந்து கிடார் வாசிப்பவரும் கபரே ஆட்டமும் ஒரே ஆணைக்குள் அடங்கியதுதான் வேடிக்கை. வாசிப்பவர்களுக்கு அது வேடிக்கையாக இல்லை.

இத்தனைக்கும் நடுவே குழு தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. டோனி தாஸ் இரண்டாவது கிடாரோடு வந்து சேர, 2015-ல் 'நோ வால் டூ ஹை' வெளியானது. ஒரு குழுவில் இரண்டு கிடார் என்பது ஓர் உறையில் இரண்டு கத்தி மாதிரி. இங்கே ஒருவர் பேச, மற்றவர் பதில் சொல்கிறார்.

அடுத்த ஆல்பம் வர 2020 ஆயிற்று. தலைப்பு 'எ வேர்ல்ட் கான் மேட்', அதாவது பித்துப் பிடித்த உலகம். அது வந்த நேரத்தில் கொரோனா ஊரடங்கு. புதுப் பாட்டை வாசித்துக் காட்ட நாட்டில் ஒரு மேடைகூட இல்லை.