மாசி வெயிலில் மூட்டை கட்டும் விருந்தாளிகள்... ஓசூர் ஏரிக்கரைக்கு ஒரு நடை போகலாமா?

காலை ஆறரை மணி. சிப்காட் கம்பெனி பஸ்கள் ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஓசூர் சாலைகளில் விரையும் நேரம். ஊருக்குச் சற்றுத் தள்ளி, கெலவரப்பள்ளி அணைப் பக்கம் இன்னொரு கூட்டமும் பயணத்துக்குத் தயாராகிறது. அவை வலசைப் பறவைகள்.

தைப் பனி விலகி மாசி வெயில் ஏறும்போது, இந்தப் பகுதி ஏரிகளின் முகமே மாறும். புங்க மரங்கள் துளிர்விடும். மாந்தோப்புகளில் பூ பிஞ்சாகும். ஐப்பசி, கார்த்திகையில் வந்த நீலச்சிறகி வாத்துகள் தீனியிலேயே குறியாக இருக்கும். சைபீரியா, ஐரோப்பா வரை பறக்க உடம்பில் கொழுப்பு சேர வேண்டுமே! ஆண் வாத்தின் கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை இப்போது பளிச்செனத் தெரியும். குளிர்காலத்தில் மங்கலாகத் திரிந்த மஞ்சள் வாலாட்டியும், கிளம்பும் முன்பு மஞ்சள் உடுப்புக்கு மாறும்.

ஆனால், இவை நீந்தும் தண்ணீர் எப்படிப்பட்டது?

நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவுநீரையும் சுமந்துகொண்டுதான் தமிழகத்துக்குள் நுழைகிறது. சோப்புக் கழிவு கலந்த நீர் மதகிலிருந்து விழுந்து கலங்கும்போது, வெள்ளை வெள்ளையாக நுரை பொங்குகிறது. இதே ஆற்று நீரை நம்பித்தான் கீழே வயல்களும் இருக்கின்றன.

'பறவைகள்தான் வருகின்றனவே, தண்ணீர் நன்றாகத்தானே இருக்கும்?' என்று தோன்றலாம். அப்படிச் சொல்லிவிட முடியாது. நீளச் சிவப்புக் கால்களோடு நடக்கும் நெடுங்கால் உள்ளான், சாக்கடை நீரிலும் புழு, பூச்சிகளைத் தின்று செழிக்கும். கழிவுச் சத்தில் ஆகாயத்தாமரையும் தழைக்கும். அது நீர்ப்பரப்பை மூடிவிட்டால், திறந்த நீரில் மேயும் வாத்துகளுக்கு இடமில்லை. ஆக, எத்தனை பறவைகள் என்பதைவிட, எந்தப் பறவை கூடுகிறது, எது குறைகிறது என்பதே முக்கியம்.

அதைக் கண்டறிய ஆண்டுதோறும் கணக்கு வேண்டும். பிப்ரவரியில் நான்கு நாள்கள் நடக்கும் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். 15 நிமிடங்கள் ஓரிடத்தில் நின்று, பார்த்த பறவைகளை ‘இ-பேர்ட்’ செயலியில் பதிந்தால் போதும். மற்ற நாள்களிலும் பதியலாம். ஊருக்குள்ளேயே இருக்கும் ராமநாயக்கன் ஏரிக்கரையில்கூடத் தொடங்கலாம்.

பங்குனி முடிவதற்குள் பெரும்பாலான விருந்தாளிகள் கிளம்பிவிடுவார்கள். அடுத்த ஐப்பசியில் திரும்பி வரும்போது எப்படிப்பட்ட தண்ணீர் காத்திருக்கும் என்பது பறவைகள் கையில் இல்லை. ஆற்றின் மேலேயும் கீழேயும் வாழும் மனிதர்கள் கையில்தான் இருக்கிறது!