வாக்கிழந்த மக்களின் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை

தேநீர் குடிக்காத வீடு பருத்தித்துறையில் இல்லை. ஆனால் அந்தக் கொழுந்தைப் பறிக்கும் மக்களைப் பற்றி நாம் அறிந்தது குறைவு. அவர்களுக்காகக் கவிதை, பத்திரிகை, அரசியல் என்னும் மூன்று வழிகளிலும் பேசியவர் சி. வி. வேலுப்பிள்ளை.

இவர் 1914இல் வட்டகொடையை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்தில், கங்காணி குடும்பத்தில் பிறந்தார். கொழும்பில் கல்வி கற்று, ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். விரும்பியிருந்தால் லயங்களைத் திரும்பிப் பாராமலே வாழ்ந்திருக்கலாம்.

அவர் அப்படி வாழவில்லை. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் தலவாக்கலையில் வென்று பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜைகள் அல்லாதோரின் வாக்குரிமையையும் பறித்தது. அவரைத் தெரிவுசெய்த தொழிலாளருள் பெரும்பாலோர் நாடும் வாக்கும் இழந்தனர்.

ஆசனம் போன பின்பும் அவர் அம்மக்களின் பிரதிநிதியாகவே இருந்தார். தொழிற்சங்கத்தில் உழைத்தார். ‘மாவலி’ சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தார். ‘வீடற்றவன்’, ‘இனிப்படமாட்டேன்’ ஆகிய நாவல்களை எழுதினார். அவருடைய ஆங்கிலக் கவிதையைச் சக்தி அ. பால ஐயா ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழில் தந்தார்.

இவை எல்லாவற்றிலும் நான் பெரிதாக மதிப்பது, அவர் தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலையே. தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் பாடிய அம்மக்களுள் பலருக்கு எழுத்து தெரியாது. அவர்கள் பாட்டில் கங்காணிமாரின் கொடுமையும் வரும். கங்காணி வீட்டுப் பிள்ளையே அவற்றைத் தேடி எழுதி வைத்தார். வாக்குச்சீட்டு இல்லாத மக்களின் குரல் அவ்வாறு அச்சில் பதிந்தது.

1984இல் அவர் மறைந்தபோதும் பல்லாயிரம் பேர் நாடற்றவர்களாகவே இருந்தனர். எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

வடபுல முஸ்லிம்களாகிய எமக்கு ‘வீடற்றவன்’ என்ற சொல் புதிதல்ல. 1990 ஒக்டோபரில் எம் மூத்தோர் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர். கொண்டுபோக அனுமதி தேவைப்படாத பொருள் அவர்களிடம் ஒன்று இருந்தது. அது நெஞ்சில் இருந்த பாட்டும் கதையும். என் உம்மம்மாவின் தாலாட்டு இன்றுவரை எந்தக் கொப்பியிலும் இல்லை. அவரோடு அதுவும் போய்விடக் கூடாது.

தோழியரே, விடுமுறையில் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர்களின் அருகில் அமருங்கள். பெற்றோரே, வெட்கப்படாமல் பாடுங்கள். நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.